ஆபரேஷன் முடிவுகளில் ஏஐ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்ஜன்கள், மயக்க மருத்துவர்கள், பி.ஜி. மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதிய பக்கம் இது. நோயாளியின் வீட்டார் கேட்கும் ஒரு கேள்வியும் உள்ளே இருக்கிறது. ரோபோ ஆபரேஷன் பற்றி இங்கே எதுவும் இல்லை. இன்று ஆபரேஷன் தியேட்டர்களில் உள்ள ரோபோ, சர்ஜனின் கையசைவை அப்படியே பின்பற்றும் கருவி. எங்கே வெட்டுவது என்று அது யோசிப்பதில்லை.

ஆபரேஷன் செய்யலாமா, வேண்டாமா என்று ஏஐ சொல்லிவிடுமா?

சொல்லாது. நோயாளியின் விவரங்களை வாங்கிக்கொண்டு அபாயத்தைச் சதவீதமாகத் தரும் மென்பொருள்களான அபாயக் கணிப்பான்கள் சொல்வதெல்லாம், இந்த ஆபரேஷனைச் செய்தால் 30 நாளுக்குள் என்ன ஆகலாம் என்பதுதான். செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவற்றுக்குத் தெரியாது. அவை கற்ற தரவில் ஆபரேஷன் ஆனவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். "தாங்க மாட்டார்" என்று சர்ஜன் திருப்பி அனுப்பியவரும், கையெழுத்துப் போட மறுத்து வீட்டுக்குப் போனவரும், தியேட்டருக்கு வருமுன்பே இறந்தவரும் அந்தப் பட்டியலில் கிடையாது.

82 வயதுப் பெரியவருக்குக் குடலில் துளை விழுந்திருக்கிறது. கணிப்பான் 35% இறப்பு அபாயம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் "ஹை ரிஸ்க், வேண்டாம்" என்று தோன்றும். ஆனால் வயிறு முழுக்கச் சீழ் பரவிய நிலையில் அப்படியே விட்டால் பிழைப்பவர் அரிது. அந்தக் கணக்கில் 35% நல்ல வாய்ப்பு. அதே பெரியவர் தொந்தரவு தராத இங்குவினல் ஹெர்னியாவோடு (தொடையிடுக்கில் குடல் புடைப்பது) வந்து, கணிப்பான் 5% காட்டினால் தள்ளிப்போடுவதே சரி. அறிகுறி அதிகம் இல்லாத ஹெர்னியாவோடு ஆண்களைக் காத்திருக்க வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. அதில் குடல் திடீரென்று சிக்கிக்கொண்டது ஆண்டுக்கு 1,000 பேரில் 1.8 என்ற அளவில்தான்.

ஆகவே கணிப்பானைத் திறக்குமுன், ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எண்ணை எழுதிவையுங்கள். எண் கிடைக்காவிட்டால் ஒரு வாக்கியமாவது எழுதுங்கள். கீழே வரும் பதில்கள் பலவும் இங்கேயே திரும்பி வரும்.

பயன்பாட்டில் உள்ள கணிப்பான்கள் எவை?

அதிகம் புழங்குவது அமெரிக்க சர்ஜன்கள் கல்லூரியின் என்எஸ்கியூஐபி (தேசிய அறுவை சிகிச்சைத் தர மேம்பாட்டுத் திட்டம்) கணிப்பான். 2013இல் வந்தபோது 393 மருத்துவமனைகளின் சுமார் 14 லட்சம் நோயாளிகளின் பதிவுகளை வைத்துக் கட்டப்பட்டது. முதலில் வழக்கமான புள்ளியியல் மாடலாக இருந்தது, பின்னர் இயந்திரக் கற்றலுக்கு மாறியது. இணையத்தில் இலவசம்.

அவசர ஆபரேஷனுக்கென்றே மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் சர்ஜன்களும் எம்ஐடி கணித வல்லுநர்களும் 2018இல் வெளியிட்டது 'பாட்டர்'. இது 3,82,960 நோயாளிகளின் தரவில் கற்ற முடிவு மரம். போனில் ஒரு கேள்வி கேட்கும், பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறும். எந்தக் கிளை வழியாக வந்து அந்த எண்ணில் நின்றது என்று பின்னோக்கிப் பார்க்க முடிகிறது. இரவு 2 மணிக்கு அது பெரிய வசதி. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் 'மைசர்ஜரிரிஸ்க்' வேறு ரகம்: மின்னணுப் பதிவேட்டிலிருந்து 285 விவரங்களைத் தானே எடுத்துக்கொள்ளும். கேஸ் ஷீட் இன்னும் காகிதத்தில் இருக்கும் இடங்களுக்கு அது ஒத்துவராது.

கணிப்பானை நிரப்பும்போது தவறு எங்கே வருகிறது?

நம் அவசரப் பிரிவுகளில் வழக்கமாகப் பார்க்கும் டியோடினல் அல்சர் துளையையே (சிறுகுடலின் தொடக்கத்தில் உள்ள புண் ஓட்டையாவது) எடுத்துக்கொள்வோம்.

முதல் தவறு, ஆபரேஷனின் பெயரில். என்எஸ்கியூஐபி கணிப்பான் அமெரிக்காவில் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் தரப்பட்ட சிபிடி குறியீட்டைக் கேட்கும்; பெயரைத் தட்டச்சு செய்தாலும் பட்டியல் வரும். அவசரத்தில் பலர் 'லாபரோடமி' என்று அடித்து 49000ஐத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அது வயிற்றைத் திறந்து பார்ப்பதற்கான பொதுக் குறியீடு. துளையைத் தைத்து மூடுவதற்கு 43840. குறியீடு மாறினால் ஒப்பிடப்படும் கூட்டமே மாறிவிடும், எண்ணும் கூடவே மாறும்.

இரண்டாவது, நோயாளியின் இயங்கு நிலை. வலியில் சுருண்டு படுத்திருப்பவரைப் பார்த்து 'முழுக்கப் பிறரைச் சார்ந்தவர்' என்று போடுவது தவறு. முந்தைய 30 நாளில் அவர் இருந்ததிலேயே நல்ல நிலை எது என்பதுதான் கேள்வி. போன வாரம் வரை வயலுக்குப் போய்வந்தவர் என்றால் அவர் சார்ந்திருப்பவர் அல்ல.

மூன்றாவது, செப்சிஸ், அதாவது தொற்றுக்கு உடல் முழுவதும் காட்டும் ஆபத்தான எதிர்வினை. 'இல்லை', 'சிர்ஸ்' (உடல் முழுவதும் அழற்சி), 'செப்சிஸ்', 'செப்டிக் ஷாக்' (ரத்த அழுத்தமும் விழுந்த நிலை) என்று படிகள் உண்டு. ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது 'செப்சிஸ்' என்று நிறுத்திக்கொண்டால் அபாயம் குறைத்துக் காட்டப்படும். ஏஎஸ்ஏ தரம் (ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் உடல்நிலைக்குத் தரும் மதிப்பீடு) 3ஆ 4ஆ என்பதில் சர்ஜனும் மயக்க மருத்துவரும் அடிக்கடி வேறுபடுவார்கள். அப்படியானால் இரண்டையும் போட்டுப் பார்த்து, கிடைத்த இரு எண்களையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் இல்லாத துல்லியம் இருப்பதுபோல் தோன்றும்.

இனி, கேட்கப்படாத விஷயங்கள். பொதுவில் கிடைக்கும் அந்தப் படிவத்தில் ஹீமோகுளோபின் இல்லை, ஆல்புமின் இல்லை. பழைய டிபியால் சுருங்கிய நுரையீரலுக்கும் ருமாட்டிக் வால்வு நோய்க்கும் தனி இடம் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், துளை விழுந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்ற கேள்வியே இல்லை. வலி வந்ததும் மருந்துக்கடை மாத்திரை, பிறகு பக்கத்து நர்சிங் ஹோம், பிறகு ரெஃபரல் என்று இரண்டாம் நாள் வந்து சேர்பவரை இது எப்படி அறியும்? வேடிக்கை என்னவென்றால், 1980களில் ஹாங்காங்கிலிருந்து வந்த போயீ மதிப்பெண் இதைக் கேட்கிறது. ஷாக் இருந்ததா, 24 மணி நேரம் தாண்டியதா, கடுமையான வேறு நோய் உண்டா என்று மூன்றே கேள்வி, விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இந்த இடைவெளிக்காகத்தான் என்எஸ்கியூஐபி கணிப்பானிலேயே சர்ஜன் அபாயத்தை ஒன்று அல்லது இரண்டு படி உயர்த்தும் வசதி இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை.

"ஏயூசி 0.92" என்றால் 92% சரியாகச் சொல்லும் என்று அர்த்தமா?

இல்லை. இறந்த ஒருவரையும் பிழைத்த ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், இறந்தவருக்கு மாடல் அதிக எண் கொடுத்திருக்கும் வாய்ப்பு 92% என்று பொருள். வரிசைப்படுத்தும் திறனை மட்டுமே அது அளக்கிறது. மாடல் தரும் எல்லா எண்ணையும் பாதியாக்கினாலும் வரிசை மாறாது, ஏயூசியும் 0.92ஆகவே நிற்கும். ஆனால் 20% அபாயம் உள்ளவருக்கு 10% என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

வீட்டாரிடம் சொல்லப்போவது எண் என்றால், பார்க்க வேண்டியது காலிபிரேஷன். '10%' என்று மாடல் சொன்ன 100 பேரில் உண்மையிலேயே சுமார் 10 பேருக்கு அது நடந்ததா என்பதே அந்தக் கேள்வி. வேறு நாட்டு மாடல் இங்கே வரும்போது முதலில் கெடுவதும் இதுதான். ஐசியு படுக்கை எப்போது கிடைக்கும், ஒரு நர்ஸ் எத்தனை பேரைப் பார்க்கிறார், இரவில் ரத்தம் கிடைக்குமா என்பவையெல்லாம் மாடலுக்குள் மறைமுகமாக இருக்கும் எண்கள்.

எங்கள் மருத்துவமனைக்குப் பொருந்துகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரு தேதியிலிருந்து தொடங்கி, ஒரு கேஸ்கூட விடாமல் வரிசையாக எடுங்கள். சுவாரசியமான கேஸ்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் அங்கேயே சோதனை கெட்டுவிடும். ஆபரேஷனுக்கு முன் தெரிந்த விவரங்களை மட்டும் வைத்து, முடிவு தெரியாத ஒருவர் எண்ணை நிரப்பட்டும். 30ஆம் நாள் நோயாளிக்கு போன் செய்து நிலையைக் கேளுங்கள். டிஸ்சார்ஜோடு கணக்கை மூடினால், வீட்டில் இறந்தவர் உயிரோடு இருப்பவராகப் பதிவாகிவிடுவார்.

பிறகு கூட்டல்தான். 300 அவசர லாபரோடமிகளுக்கு மாடல் தந்த நிகழ்தகவுகளைக் கூட்டினால் 24 வருகிறது, நடந்த இறப்பு 33 என்று வையுங்கள். 33ஐ 24ஆல் வகுத்தால் 1.4. "மாடல் குறைத்துச் சொல்கிறது" என்று உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். 33 என்ற எண்ணிக்கைக்குத் தற்செயல் ஏற்றத்தாழ்வு சுமார் 23 முதல் 46 வரை போகும். அதற்குள் 24 அடங்குகிறது. குறைந்தது 100 நிகழ்வுகளாவது வேண்டும் என்பது புள்ளியியலாளர்களின் பொது விதி. 11% இறப்பு உள்ள இடத்தில் அதற்கு 900 கேஸுக்கு மேல் தேவை. ஒரு மாவட்ட மருத்துவமனை தனியாகச் சேர்க்க வருடங்கள் ஆகும். நான்கைந்து மருத்துவமனைகள் சேர்ந்து ஒரே படிவத்தில் பதிவதுதான் வழி.

பித்தப்பை ஆபரேஷனில் எங்கே வெட்டலாம் என்று திரையில் காட்டும் ஏஐ வந்துவிட்டதாமே?

ஆய்வு நிலையில் நன்றாக வளர்ந்திருக்கிறது. எதற்காக என்பதைப் புரிந்துகொண்டால்தான் அதை எடைபோட முடியும்.

லேப்ராஸ்கோப்பியில் பொதுப் பித்த நாளம் வெட்டுப்படுவது பெரும்பாலும் கை நடுங்கியதால் நடப்பதில்லை. 252 நாளக் காயங்களை ஆராய்ந்து 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு, 97 சதவீதத்தில் மூலக் காரணம் கண் ஏமாந்தது என்றது. பொது நாளத்தையே சிஸ்டிக் நாளம் (பித்தப்பையிலிருந்து வரும், வெட்ட வேண்டிய சிறு குழாய்) என்று உறுதியாக நம்பி கிளிப் போட்டிருக்கிறார்கள். இதைத் தடுக்க 1995இல் ஸ்ட்ராஸ்பெர்க் வைத்த நிபந்தனைகள் மூன்று. கல்லீரலுக்கும் நாளங்களுக்கும் இடைப்பட்ட முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரல் படுக்கையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். பைக்குள் நுழைபவை இரண்டே இரண்டு குழாய்களாகத் தெரிய வேண்டும்.

37 நாடுகளின் 136 மருத்துவமனைகளிலிருந்து 290 வீடியோக்களை வைத்துப் பழக்கிய 'கோ-நோகோ-நெட்' என்ற மாடல் 2022இல் அச்சில் வந்தது. பிரித்தெடுக்கப் பாதுகாப்பான பகுதி ஒரு நிறத்திலும் தொடக்கூடாத பகுதி வேறு நிறத்திலும் தெரியும். நிபுணர்கள் வரைந்த எல்லையோடு மாடலின் எல்லை எவ்வளவு ஒன்றின்மேல் ஒன்று படிந்தது என்ற அளவு, ஆபத்துப் பகுதிக்கு 0.71, பாதுகாப்பான பகுதிக்கு 0.53. முழுப் பொருத்தம் என்றால் 1. நிபுணர்களே எல்லையில் ஒத்துப்போவதில்லை என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். இருந்தாலும் நிறத்தின் விளிம்பை வெட்டுக்கோடாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்த 0.53 போதும்.

எங்கே சறுக்கும்? லென்ஸில் ரத்தத் துளி, திசுவைச் சுடும் காட்டரி கருவியின் புகை, பித்தம் கசிந்து எல்லாம் ஒரே மஞ்சளாக இருப்பது, 30 டிகிரி ஸ்கோப்பைத் திருப்பிப் பிடித்திருப்பது. கேமரா பிடிப்பவர் வேகமாக நகர்த்தினால் நிறப் படலம் ஒரு கணம் பின்தங்கி, வேறு திசுவின்மேல் உட்கார்ந்திருக்கும். பல நாள் வீக்கத்தில் முக்கோணம் கல்லாக இறுகிய கேஸ்தான் உதவி தேவைப்படும் கேஸ், பயிற்சி வீடியோக்களில் அதுதான் குறைவு. அந்த நிலையில் திரையில் நிறம் வருமா என்று காத்திருக்க வேண்டாம். கொலாஞ்சியோகிராம் (பித்த நாளங்களின் எக்ஸ்ரே) எடுங்கள், மூத்தவரைக் கூப்பிடுங்கள், பித்தப்பையின் ஒரு பகுதியை விட்டு எடுங்கள், அல்லது திறந்த ஆபரேஷனுக்கு மாறுங்கள். "இங்கே நிறுத்தவா?" என்ற கேள்வியை ஒரு நிமிடம் முன்னதாக எழுப்பினால், அதுவே அந்த மாடலின் பயன்.

அப்படியானால் நாளக் காயம் வரப்போகிறது என்று அலாரம் அடிக்கச் செய்யலாமே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 ஆபரேஷனில் 4 காயம் என்று வைப்போம். காயங்களில் 90 சதவீதத்தைப் பிடித்து, நல்ல கேஸ்களில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும் அருமையான மாடல் இருந்தாலும், அது அடிக்கும் அலாரம் சுமார் 103. அதில் உண்மையானவை 3 அல்லது 4. இரண்டாவது வாரமே யாராவது ஒலியை நிறுத்திவைப்பார்கள்.

ரத்த அழுத்தம் விழப்போவதை முன்கூட்டியே சொல்லும் மானிட்டர் நம்பகமானதா?

எட்வர்ட்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஹைபோடென்ஷன் (ரத்த அழுத்தத் தாழ்வு) முன்கணிப்புக் குறியீட்டைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். தமனிக்குள் செருகிய குழாய் காட்டும் அழுத்த அலையின் வடிவத்தைப் படித்து 0 முதல் 100 வரை ஓர் எண் தரும். 85ஐத் தொட்டால் எச்சரிக்கும். ஆம்ஸ்டர்டாமில் நடந்து 2020இல் வெளியான சிறிய சோதனையில் அழுத்தம் தாழ்ந்திருந்த மொத்த நேரத்தின் இடைநிலை மதிப்பு 32.7 நிமிடத்திலிருந்து 8 நிமிடமாக இறங்கியது. அதே ஆண்டில் வந்த மற்றொரு சோதனையில் வித்தியாசம் தெரியவில்லை.

2022இல் டென்மார்க்கிலிருந்து வந்த விமர்சனம் அடிப்படையையே தொட்டது. பழக்கும்போது சராசரி அழுத்தம் 65க்குக் கீழே போனதை 'விழுந்தது' என்றும், 75க்கு மேலே இருந்ததை 'நலம்' என்றும் எடுத்துக்கொண்டு, நடுவில் இருந்ததை விட்டுவிட்டார்கள். விளைவு, அழுத்தம் எழுபதுகளின் தொடக்கத்துக்கு வந்தாலே குறியீடு உயர்கிறது. சாதாரண மானிட்டரில் அலாரத்தை 72, 73 என்று வைத்தால் ஏறக்குறைய அதே எச்சரிக்கை கிடைக்கிறது என்று பின்னர் வந்த ஒப்பீடுகள் காட்டின. விலை கொடுத்து வாங்குமுன் இந்த இலவச மாற்றத்தை ஒரு மாதம் செய்து பாருங்கள்.

எந்த மாடலானாலும் உள்ளே போகும் அலை சரியாக இருக்க வேண்டும். அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசர் இதய மட்டத்திலிருந்து 10 செ.மீ. இறங்கினால் அழுத்தம் சுமார் 7.5 மி.மீ. கூடுதலாகக் காட்டும். டேபிளை உயர்த்திவிட்டு அதை உயர்த்த மறப்பது எங்கும் நடப்பதுதான். குழாயில் காற்றுக் குமிழ் இருந்தால் அலை மழுங்கும். மாடலுக்கு இது தெரியாது. மழுங்கிய அலையையும் நம்பிக்கையோடு படிக்கும்.

நல்ல உதாரணம் எதுவும் இல்லையா?

உண்டு. நெதர்லாந்தில் உருவாக்கி 2023இல் வெளியிட்ட 'ஸ்டர்ஜன்' மூளைக் கட்டியின் டிஎன்ஏவை ஆபரேஷன் நடக்கும்போதே நானோபோர் கருவியில் படித்து, கட்டியின் வகையைச் சொல்கிறது. மாதிரி எடுத்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் பதில் வந்துவிடும். முழுவதும் எடுக்க முயல்வதா, நரம்புச் சேதத்தைத் தவிர்த்துக் கொஞ்சம் விட்டுவைப்பதா என்பது கட்டியின் வகையைப் பொறுத்தது. ஆக, பதில் வரும் நேரமும் அது மாற்றும் முடிவும் பொருந்துகின்றன. நேரடியாகச் சோதித்த 25 ஆபரேஷன்களில் 18இல் சரியாகச் சொன்னது. மற்ற 7இல் உறுதி போதவில்லை என்று பதில் தராமல் நின்றது. சந்தேகத்தில் வாயை மூடிக்கொள்ளும் மாடலுக்கு நாங்கள் கூடுதல் மதிப்பெண் தருவோம்.

மாடல் தவறான பாடத்தைக் கற்பது என்றால் என்ன?

ஜெர்மனியில் 2019இல் காட்டியது: மச்சத்தைச் சுற்றிச் சர்ஜன் ஊதா மையால் குறியிட்டிருந்தால், படம் பார்க்கும் மாடல் அதை மெலனோமா (தோல் புற்றுநோய்) என்று சொல்லும் வாய்ப்பு கூடியது. சந்தேகம் உள்ளவற்றைத்தானே குறியிடுவோம். மாடல் மையைக் கற்றுக்கொண்டது. மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் மாடல் ஒன்று, ஏற்கெனவே செருகியிருந்த ட்ரெயின் குழாயைப் பார்த்துக் கண்டுபிடித்தது. குழாய் போடாத நோயாளியிடம், அதாவது உதவி தேவைப்படும் இடத்தில், அது தடுமாறியது.

பி.ஜி. மாணவர்களின் கைத்திறன் மங்கிவிடாதா?

கவலைப்பட ஆதாரம் இருக்கிறது. போலந்தில் கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்பவர்களிடம் ஏஐ கொடுத்துப் பழக்கிய பிறகு, ஏஐ இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அடினோமா (புற்றாக மாறக்கூடிய சிறு கட்டி) கண்டுபிடிக்கும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 ஆகக் குறைந்தது என்று 2025இல் வெளியானது. எளிய ஏற்பாடு ஒன்று: மாணவர் முதலில் தன் கணிப்பைச் சதவீதமாக கேஸ் ஷீட்டில் எழுதட்டும், அதன் பிறகே கணிப்பானைத் திறக்கலாம்.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கேட்கலாமா?

ஒப்புதல் படிவத்தின் தமிழ் வரைவுக்குக் கேட்கலாம், வரிக்கு வரி சரிபார்த்தால். ஸ்டோமாவை (மலம் வெளியேற வயிற்றில் குடலுக்கு வைக்கும் வாய்) 'துளை' என்று எழுதிவைத்தால், குடல் துளையோடு வந்தவர் வீட்டார் குழம்பிப்போவார்கள். 'வயிற்றில் பை வைப்பது' என்றால்தான் புரியும். மருந்தளவுக்கும், இந்த நோயாளியின் அபாயச் சதவீதத்துக்கும் வேண்டாம்: நடையில் உறுதி இருக்கும், எண்ணுக்குப் பின்னால் தரவு இருக்காது. பெயர், உள்நோயாளி (ஐ.பி.) எண், முகம் தெரியும் படம் எதையும் உள்ளே போடாதீர்கள்.

"நூத்துக்கு எத்தனை, டாக்டர்?" என்று வீட்டார் கேட்டால்?

கேட்ட விதத்திலேயே பதில் சொல்லுங்கள். "இவரைப் போல இருக்கிற நூறு பேருக்கு இந்த ஆபரேஷன் பண்ணினால் ஏறக்குறைய முப்பதிலிருந்து நாற்பது பேர் ஒரு மாதத்துக்குள்ள இறந்துபோகலாம், மற்றவங்க பிழைக்கலாம். பண்ணாமல் விட்டால் பிழைக்கிறது ரொம்ப அபூர்வம். பிழைக்கிறவங்களிலும் சிலருக்கு நாள் கணக்கில் வென்டிலேட்டர் தேவைப்படலாம்." இதில் எண் ஒற்றையாக இல்லாமல் ஒரு வீச்சாக வருகிறது, செய்யாவிட்டால் என்ன என்பதும் வருகிறது. "ரிஸ்க் இருக்கு, கையெழுத்துப் போடுங்க" என்பது தகவல் சொன்னதாகாது. மாற்று வழிகளையும் அபாயங்களையும் போதுமான அளவு சொன்ன பிறகு பெறுவதே செல்லும் ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் 2008இலேயே சொல்லிவிட்டது.

ஏஐ சொன்னபடி செய்து தவறானால் பொறுப்பு யாருக்கு?

கையெழுத்திட்ட மருத்துவருக்கே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023இல் வெளியிட்ட நெறிமுறைகளும் மனித மேற்பார்வையை வலியுறுத்துகின்றன. நோயைக் கண்டறியவும் சிகிச்சைக்கும் பயன்படும் மென்பொருள் 2020 ஏப்ரல் முதல் இந்தியாவின் மருத்துவக் கருவி விதிகளுக்குள் வருகிறது. வாங்குமுன் உரிமம் எந்தப் பயன்பாட்டுக்குத் தரப்பட்டது என்று படியுங்கள். கேஸ் ஷீட்டில் எழுத வேண்டியது நான்கு வரி: கணிப்பானின் பெயரும் பதிப்பும், பார்த்த நேரம், வந்த எண், அதை ஏற்றதற்கோ ஒதுக்கியதற்கோ காரணம்.

விற்பனைப் பிரதிநிதி வந்தால் என்ன கேட்பது?

எந்த ஆண்டுகளின், எந்த நாட்டு நோயாளிகளில் பழக்கினீர்கள், இந்திய நோயாளிகளில் காலிபிரேஷன் வரைபடம் உண்டா என்று கேளுங்கள். மாடலைப் புதுப்பிக்கும்போது எச்சரிக்கை எல்லை மாறினால் முன்கூட்டியே சொல்வீர்களா, ஆபரேஷன் தியேட்டர் வீடியோ எங்கே போய்ச் சேமிக்கப்படுகிறது, இணையம் துண்டித்தால் கருவி நிற்குமா என்றும் கேளுங்கள். பிறகு, இந்த எண் 10லிருந்து 20 ஆனால் எங்கள் தியேட்டரில் யார், எதை, எத்தனை நிமிடத்துக்குள் வேறுவிதமாகச் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தாள் வெறுமையாகத் திரும்பி வந்தால் டெமோவுக்குத் தேதி கொடுக்க வேண்டாம்.